முளைகளும் கயிறுகளும்



ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டது. ஆலயத்தின் பின்புற வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் பழைய மோட்டார் ஹோமைக் குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டிய வேளை இது. அந்த வண்டியினால் சபைக்கு என்ன பயன், அதற்குக் கொடுத்த பணத்துக்கும் சனிக்கிழமைகளுக்கும் என்ன கணக்கு என்று உங்களில் சிலர் நேரிலும் சிலர் மூப்பர்கள் வழியாகவும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இவ்வாரச் சிந்தனையை அதற்கு விடையாகவே எழுதுகிறேன்.

வேதாகமத்தை ஆண்டுதோறும் முழுமையாக வாசிப்பவர்கள்கூட எண்ணாகமம் நான்காம் அதிகாரத்தைச் சற்று விரைவாகக் கடந்துவிடுவதுண்டு. ஆசரிப்புக் கூடாரம் இடம்பெயரும்போது லேவியரில் யார் எதைச் சுமக்க வேண்டும் என்பதே அங்கே பேசப்படுகிறது. கோகாத் வம்சத்தாருக்குப் பரிசுத்த பணிமுட்டுகள். கெர்சோன் வம்சத்தாருக்குத் திரைகளும் மூடுதிரைகளும். மெராரி வம்சத்தாருக்குப் பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், அவற்றின் பாதங்கள், முளைகள், கயிறுகள். இந்தக் கடைசிப் பட்டியலில் ஒளிவீசும் பொருள் ஒன்றுமில்லை. ஆயினும் மெராரியரைக் குறித்துச் சொல்லுமிடத்தில், அவர்கள் சுமக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி ஒப்புவிக்க வேண்டும் என்ற கட்டளை வருகிறது. ஒரு முளை தொலைந்தால் கூடாரத்தின் ஒரு மூலை காற்றில் அடித்துக்கொள்ளும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது. நகரும் வீடு ஒன்றைப் பராமரித்துப் பார்த்த பின்னரே அந்த அதிகாரத்தை நான் நிதானமாக வாசிக்கத் தொடங்கினேன்.

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். நமக்கு ஆலயத்தைப் பகிர்ந்து தந்திருக்கும் ஆங்கிலச் சபையைச் சேர்ந்த முதிய தம்பதியர் அதை நமக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். 1995ஆம் ஆண்டில் கட்டப்பட்டது; 24 அடி நீளம். முன்பாதி ஃபோர்ட் வான். அதன் சட்டகத்தின் மேல் ஒரு சிறு வீடு. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே முன்னோக்கி நீண்டிருக்கும் படுக்கை, நடுவில் மேசையும் அடுப்பும், பின்னால் இன்னொரு படுக்கையும் சிறு குளியலறையும். சாவியோடு அவர்கள் தந்த இன்னொரு பொருள்தான் எனக்கு அதிகம் பிடித்தது. நீலநிற அட்டையிட்ட ஒரு கொப்பி. முதல் எண்ணெய் மாற்றத்திலிருந்து ஒவ்வொரு வேலையும் திகதி, ஓடிய தூரம், செலவு ஆகியவற்றோடு அந்தப் பெரியவரின் கையெழுத்தில் பதிவாகியிருந்தது. அவர் ஒருநாளும் பெரிய மேசைக்கு முன் நின்று பேசியவரல்லர். அந்தக் கொப்பியை வாசித்தபோது, ஒரு மனிதர் தம் குடும்பத்தை எப்படி நேசித்தார் என்பதை நேரிற் கண்டதுபோல் இருந்தது.

கொப்பியில் ‘கூரை’ என்ற சொல் ஒவ்வொரு வசந்தத்திலும் வருகிறது. 2016க்குப் பின் வரவில்லை. அந்த ஆண்டில்தான் அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. எண்ணெய் மாற்றத்துக்கு ஏணி தேவையில்லை, கூரைக்குத் தேவை.

மோட்டார் ஹோம்களை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். வட அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளிற் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த தொழிற்சாலைகளிலேயே கட்டப்படுகிறது. அக்காலத்து வண்டிகளின் சுவர்களுக்குள்ளே பெரும்பாலும் மெல்லிய மரச்சட்டங்களே இருக்கும். வெளியே தகடு அல்லது நாரிழைப் பலகை. மேலே இறப்பர் விரிப்பு. நிலத்தில் கட்டப்பட்ட வீடு அதிராது. இது ஓடும் ஒவ்வொரு மணித்தியாலமும் சிறியதொரு பூமியதிர்ச்சியைத் தாங்குகிறது. திருகாணிகள் தளர்கின்றன; மூட்டுகள் விலகுகின்றன; அவற்றை மூடிய பசை வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. ஆகவே இவ்வண்டிகளைக் கொல்வது பெரும்பாலும் இயந்திரமல்ல, தண்ணீர். இயந்திரம் பழுதானால் சத்தமிடும். தண்ணீர் சத்தமிடாது. கூரையில் ஓரிடத்தில் நுழைந்து, சட்டத்தின் வழியே நடந்து, ஆறடி தள்ளி வேறோரிடத்தில் ஒரு சிறு மஞ்சட் கறையாகத் தலைகாட்டும். அந்தக் கறையைக் காணும்போது உள்ளே மரம் பல ஆண்டுகளாக நனைந்திருக்கும்.

இனி, இந்த வண்டியைத் திருத்தியே ஆக வேண்டும் என்ற நிலை ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நம் சபையில் ஓர் அண்ணனும் அக்காவும் இருக்கிறார்கள். அவர்களின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் அறிவீர்கள். அக்காவின் சிறுநீரகங்கள் செயலிழந்து மூன்று ஆண்டுகளாகின்றன. அவர் வீட்டிலேயே வயிற்றின் வழியான டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வயிற்றில் பொருத்தப்பட்ட மென்குழாய் வழியாக இரண்டு லீற்றர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணித்தியாலங்கள் வைத்திருந்து, பின்னர் அதை வடித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தரம். ஒவ்வொரு தரமும் ஏறக்குறைய 40 நிமிடம். கைகளை நன்றாகக் கழுவி, முகத்தை மூடி, சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். தூசியோ பூஞ்சணமோ குழாயின் வாயைத் தொட்டால் வயிற்றறைக்குள் கிருமித் தொற்று ஏற்படும். அது உயிரோடு விளையாடும் காரியம்.

அக்கா காங்கேசன்துறையில் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவர். ஒன்ராறியோ ஏரி கடலைப் போலவே பரந்திருந்தாலும், அதில் உப்பு இல்லை என்று அவர் பலமுறை சொல்வார். உடல் இடம் தரும்போதே ஒருமுறை உப்புக் கடலில் கால் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஸ்காபரோவிலிருந்து வாகனத்தில் எட்டக்கூடிய வெதுவெதுப்பான கடற்கரை என்றால் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் ஷெடியாக் ஊர். ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். விமானத்தில் போகலாம்; ஆனால் நாளுக்கு நான்கு பைகள், சுத்தமான அறை, அறைக்குள்ளேயே கழிவறை என்று எண்ணும்போது தம்முடன் நகரும் அறையே அவருக்கு ஏற்றது என்று தோன்றியது. அவருடைய மருத்துவரும் தாதியும் திட்டத்தைக் கேட்டுவிட்டு, ‘அறை உலர்ந்ததாகவும் சுத்தமானதாகவும் இருக்குமானால் போகலாம்’ என்றார்கள்.

ஆகவே கேள்வி எளிமையானது. அந்த வண்டி உலர்ந்ததா?

ஒரு புதிய மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று மூப்பர் ஒருவர் கேட்டார். ஒரேயொரு பயணத்துக்கு மட்டும் என்றால் வாடகையே மலிவு. பழைய வண்டி வாங்க எண்ணும் எவருக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் மொன்றியலிலும் ஒட்டாவாவிலும் சிதறியிருக்கும் நம் குடும்பங்களைச் சந்திக்க ஆண்டுக்குப் பலமுறை போகிறோம். வண்டி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. தந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதன் பக்கமாக நடந்துதான் ஆராதனைக்கு வருகிறார்கள். இந்தக் கடைசிக் காரணத்தை நான் மூப்பர் கூட்டத்தில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்த அண்ணன் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் பட்டறையில், 1990இல் யுத்தம் அதை மூடும் வரை வேலை செய்தவர். வேலைத் தலைவர் அவரே. முதற் சனிக்கிழமை நம் வாலிபர்கள் உற்சாகத்தோடு வந்தார்கள். கைப்பேசியில் படங்களும் பட்டியல்களும் கொண்டுவந்தார்கள். கூரையில் சூரிய மின்தகடுகள், புதிய லிதியம் பற்றரி, அகலத் திரைத் தொலைக்காட்சி, வெளியே நிறம் மாறும் விளக்குகள். அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, “தம்பி, ஏணியைக் கொண்டு வாங்கோ. கூரை முதல். மற்றது எல்லாம் பிறகு” என்றார். கீழே நின்ற ஒருவன், “அங்கிள், சோலார் போட்டபிறகு கூரையைப் பார்க்கலாம்தானே?” என்று கேட்டான். “ஊத்தைக் காலிலை புதுச் சப்பாத்துப் போடுறதோ?” என்று மேலேயிருந்து பதில் வந்தது.

கூரையில் அவர் கண்டது இது: காற்றுத் துவாரங்களைச் சுற்றியும் முன்பக்க ஓர விளக்குகளைச் சுற்றியும் பழைய பசை வெடித்திருந்தது. வெடித்த இடங்களின் மேல் யாரோ சிலிக்கோன் பசையைப் பூசியிருந்தார்கள். அதன் மேல் இன்னொரு படை. அதன் மேல் மற்றொன்று. கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் பலரும் சிலிக்கோனைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இறப்பர் கூரையில் அது உறுதியாகப் பிடிக்காது. அதைவிடக் கேடு, அதன் மேல் பின்னர் வேறெந்தப் பசையும் ஒட்டாது. எனவே ஒட்டுக்கு மேல் ஒட்டாக வளர்ந்திருந்த அத்தனையையும் பிளாஸ்ரிக் சுரண்டியால் அங்குலம் அங்குலமாக எடுத்தோம். இரும்புக் கத்தி வைத்தால் விரிப்பு கிழியும். பெற்றோல் கலந்த கரைப்பான்கள் பட்டால் இறப்பர் வீங்கும். இந்த ஒரு வேலைக்கு நான்கு சனிக்கிழமைகள் போயின. சொல்லிக்காட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. நாலாவது சனிக்கிழமை மாலையில் வண்டி முதல் நாளைவிட அலங்கோலமாகத்தான் தெரிந்தது.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கையின் பலகையை உயர்த்தியபோது அண்ணன் ஒன்றும் பேசவில்லை. திருப்புளியை எடுத்து முன்சட்டத்தில் மெதுவாகக் குத்தினார். பழுத்த வாழைப்பழத்துக்குள் போவதுபோல் அது உள்ளே போயிற்று. மரம் கறுத்திருந்தது; பூஞ்சணம் சாம்பலைப் போலப் படர்ந்திருந்தது. அருகில் கைப்பிடித்து நின்ற அக்காவை அவர் திரும்பிப் பார்த்தார். “இதுக்குள்ளையோ நான் பையை மாத்த இருந்தனான்?” என்று அக்கா கேட்டார். யாரும் விடை சொல்லவில்லை.

வேலையை அங்கேயே நிறுத்திவிடலாமா என்று நான் அன்றிரவு யோசித்தேன். ஒரு வெள்ளைப் பலகையை மேலே அறைந்து வர்ணம் பூசினால் எவருக்கும் தெரியாது. பழைய வண்டிகளை விற்பவர் சிலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மூடிய இடத்தில் பூஞ்சணம் தொடர்ந்து வளரும். அடுத்த சனிக்கிழமை முன்புற உட்சுவரை முழுவதும் கழற்றினோம். ஈரநீக்கி இயந்திரத்தை இரண்டு வாரம் இரவும் பகலும் ஓடவிட்டோம். நல்ல மரத்தைத் தொடும் வரை வெட்டி, அழுகியதை அகற்றி, புதிய சட்டங்களைப் பொருத்தினோம். ஓர விளக்குகளையும் சன்னலையும் கழற்றி, அவற்றின் விளிம்புகளில் புதிய பியூட்டைல் ஒட்டுநாடாவை வைத்துத் திருகினோம். கூரை மூட்டுகளில், தானே பரவி மட்டமாகும் பசையை ஊற்றினோம். பின்னர் தோட்டக் குழாயால் ஒரு மணித்தியாலம் தண்ணீர் பாய்ச்சினோம். வாலிபர் இருவர் உள்ளே கைவிளக்கோடு படுத்துக் கிடந்தார்கள். ஈரமானி மரத்தில் 11 வீதம் காட்டியது. அன்று மதியம் அக்கா எல்லோருக்கும் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தார். அவர் தாமே உப்பைக் குறைத்துத் தனியாகச் சமைத்ததைச் சாப்பிட்டார்.

ரயர்களையும் பிறேக்கையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தகைய வண்டியின் ரயர் தேய்ந்து பழுதாவதில்லை. நின்ற இடத்திலேயே முதுமையடைகிறது. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். எங்களுடையதில் 2315. அதாவது 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டவை. பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன, பார்வைக்குப் புதியவை. ஆறையும் மாற்றினோம். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுகள் கடந்தால் அதன் கொதிநிலை இறங்கி, நீண்ட இறக்கத்தில் மிதி கால்களுக்குக் கீழே மெத்தென்று போகக்கூடும். அதை ஓர் உரிமம் பெற்ற பட்டறையில் ஒப்படைத்தோம். ஐந்து தொன் எடையை நிறுத்தும் பொருளில் நாம் கற்றுக்கொண்டிருக்கக் கூடாது.

எரிவாயு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய வண்டி வைத்திருக்கும் எவரும் இதை அறிந்திருப்பது நல்லது. அடுப்பும் சூடேற்றியும் குளிர்பெட்டியும் புரொப்பேனில் இயங்குகின்றன. கசிவைக் கண்டறியும் கருவி தரையருகே இருக்கும், ஏனெனில் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். அக்கருவிக்கு ஆயுட்காலம் உண்டு. பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். எங்கள் கருவியின் பின்புறத்தில் இருந்த திகதி கடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்புறத்திலோ பச்சை விளக்கு ஒளிர்ந்துகொண்டே இருந்தது. இதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்யலாம், செய்யவில்லை. அதையும் காபனோரொட்சைட்டு வாயுவைக் கண்டறியும் கருவியையும் மாற்றினோம். அக்கா பை மாற்றும் 40 நிமிடமும் சன்னல்களும் கூரைத் துவாரமும் மூடியிருக்கும் என்பதால், அந்நேரத்தில் உள்ளே சுடர் எதுவும் எரியக்கூடாது, மின்பிறப்பாக்கியும் ஓடக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினோம்.

இவ்வளவுக்கும் பிறகே வாலிபர்களின் முறை வந்தது. அவர்கள் கேட்டதில் பாதி கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

பைத் திரவம் உடற்சூட்டுக்கு வர வேண்டும். அதற்கு ஒரு சூடேற்றும் விரிப்பு, 60 வாற். ஒவ்வொரு பைக்கும் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். நாளுக்கு நான்கு பைகள் என்றால் 480 வாற்-மணி. பழைய ஈய-அமில பற்றரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவிற் குறையும். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி லிதியம் பற்றரியோ சுமார் 1,280 வாற்-மணியை வைத்திருக்கும். அதன் பெரும்பகுதியைத் தயங்காமல் எடுக்கலாம். எடையும் பாதியிலும் குறைவு. ஆகவே இந்த மேம்பாடு ஆடம்பரமல்ல.

ஆனால் பழைய பற்றரியைக் கழற்றிய இடத்தில் புதியதை அப்படியே வைத்துவிட முடியாது. இயந்திரம் ஓடும்போது மின்சாரம் தரும் அல்டர்நேற்றர், ஈய-அமில பற்றரியின் மந்தமான பசிக்காகச் செய்யப்பட்டது. லிதியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பழைய அல்டர்நேற்றர் தன் முழு வலிமையையும் கொடுத்து, சூடேறி எரிந்துபோகலாம். இரண்டுக்கும் நடுவே மின்னோட்டத்தை அளந்துவிடும் கருவி ஒன்றை வைத்தோம். 30 அம்பியருக்கு மேல் அது விடாது. சுவர் மின்சாரத்திலிருந்து ஏற்றும் பழைய கருவியையும் மாற்ற வேண்டியிருந்தது. மேலும், உறைநிலைக்குக் கீழே லிதியத்தை மின்னேற்றினால் அது உள்ளே நிரந்தரமாகச் சேதமடையும். எனவே பழைய பற்றரி இருந்த வெளிப்பெட்டியை விட்டு, உள்ளே இருக்கைக்கு அடியில் வைத்தோம். கூரையில் 200 வாற் சூரிய மின்தகடுகள். அவற்றுக்காகத் துளையிட்ட ஒவ்வொரு இடத்தையும் அண்ணன் தம் கையாலேயே பசையிட்டார், வேறெவரையும் விடவில்லை.

புதிய துணியைப் பழைய ஆடையில் ஒட்டுவது பற்றியும், புதிய திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் வார்ப்பது பற்றியும் ஆண்டவர் சொன்ன உவமைகளை நாம் பெரும்பாலும் பழையது உதவாது என்ற பொருளிலேயே கேட்டு வளர்ந்தோம். மத்தேயுவின் ஒன்பதாம் அதிகாரத்தில் அவ்வுவமை முடியும் விதத்தைக் கவனியுங்கள். ரசமும் துருத்தியும் ஆகிய இரண்டுமே காக்கப்படுவதைப் பற்றிய அக்கறை அங்கே இருக்கிறது. அல்டர்நேற்றரும் பிழைக்க வேண்டும், பற்றரியும் பிழைக்க வேண்டும். புதியதைக் கொண்டுவருகிறவன் பழையதன் வலிமையை அளந்து பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறான். இதைச் சபைக் கூட்டங்களில் இருபுறமும் அமர்ந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அகலத் திரைத் தொலைக்காட்சி வரவில்லை. எடை காரணம். ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட சீட்டின்படி வண்டியின் மொத்த எடை 11,500 இறாத்தலைத் தாண்டக் கூடாது. அதாவது 5,216 கிலோகிராம். எரிபொருளும் தண்ணீரும் நிரப்பி, நால்வர் ஏறி, லொறிகளை நிறுக்கும் தராசில் நிறுத்தினோம். 5,130 கிலோ. மீதி 86. அக்காவின் 11 நாட் பைகள் 44. பெட்டிகளோடு ஏறக்குறைய 100 கிலோ. வாலிபர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய கண்ணாடிக்குழாய்த் தொலைக்காட்சியும் அதன் அலமாரியும் கூரையிலிருந்த செய்மதித் தட்டும் இறங்கின. 120 லீற்றர் தண்ணீர்த் தாங்கியில் 40 லீற்றர் மட்டும் கொண்டுபோவது என்று முடிவாயிற்று, வழியில் நிரப்பிக்கொள்ளலாம். எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்தில் ஆறு வண்டிகளைப் பங்கிடும்போது மோசே கெர்சோனியருக்கு இரண்டும் மெராரியருக்கு நான்கும் கொடுக்கிறார். பலகைகளின் எடையை அறிந்த பங்கீடு அது.

எல்லாம் சேர்ந்து 7,000 டொலருக்குச் சற்றுக் குறைவாகவே முடிந்தது. கணக்கு காரியதரிசியிடம் இருக்கிறது, எவரும் பார்க்கலாம்.

ஜூன் மாதத்தில் புறப்பட்டோம்: அண்ணன், அக்கா, என் மனைவி, நான். வண்டி 100 கிலோமீற்றருக்கு 28 லீற்றர் குடித்தது. அதை இங்கே பாராட்டுவதற்கில்லை. கியூபெக்கில் ரிவியேர்-டு-லூப் அருகே இரண்டாம் இரவு பெருமழை பிடித்தது. அந்தக் கூரையின் கீழே நான்கு பேரும் விழித்துக் கிடந்தோம் என்பதை மறுநாள் காலைதான் ஒருவருக்கொருவர் சொன்னோம். நடுச்சாமத்தில் அண்ணன் எழுந்து, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு முன்மூலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து படுத்தார். சற்று நேரத்தில் அவருடைய குறட்டை கேட்டது.

அடுத்த நாட் காலை, அக்கா பை மாற்றி முடித்த பின், சுவரில் பொருத்திய கொளுக்கியைப் பார்த்துக்கொண்டே என் மனைவியிடம் ஒன்று சொன்னாராம். “வண்டிக்கு வருசத்துக்கு ஒருக்காக் கூரை. எனக்கு நாளைக்கு நாலு தரம். சுகமாகிறதுக்கு இல்லை, ஓடுறதுக்கு.” பவுல் அப்போஸ்தலன் தாம் கூடாரத் தொழில் செய்தவர், நம் சரீரத்தைக் கூடாரம் என்று கொரிந்தியருக்கு எழுதியபோது, தையல் பிரியும் இடங்களை அவர் விரல்கள் அறிந்திருந்தன. அக்கா அந்த வசனத்தை அறிவார். அன்று அதைச் சொல்லவில்லை, தேநீர் கேட்டார்.

ஷெடியாக்கில் பார்லி கடற்கரைக்குப் போனபோது அலை தாழ்ந்திருந்தது. வயிற்றுக் குழாயின் வாயில் கடல்நீர் படக்கூடாது என்பதால் கணுக்காலளவு தண்ணீரில்தான் நிற்கலாம் என்று தாதி சொல்லியிருந்தார். அண்ணன் ஒரு மடிப்பு நாற்காலியைத் தண்ணீருக்குள் வைத்தார். அக்கா அமர்ந்து, குனிந்து, விரலை நனைத்து நாவில் வைத்துப் பார்த்தார். நானும் மனைவியும் சற்றுத் தள்ளி நடந்துவிட்டோம். அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நெடுநேரம் பேசியதாகத் தெரிந்தது. மாலை நான்கு மணியானதும் அண்ணன் நாற்காலியை மடித்தார். வண்டிக்குத் திரும்பி, சன்னல்களைச் சாத்தினார்கள்.

ஊர் திரும்பியதும் நீலக் கொப்பியை அந்தப் பெரியவரிடம் கொண்டுபோனேன். ‘கூரை’ என்ற சொல்லோடு தொடங்கும் புதிய வரிகளை அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தார். எந்தப் பசையைப் பயன்படுத்தினோம் என்று கேட்டார். சொன்னேன். சரி என்றார்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு வண்டியின் தண்ணீர்க் குழாய்களை வடித்து, நச்சற்ற இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஏற்றப்படும். ரயர்களுக்குக் காற்று, பற்றரியின் துண்டிப்பு, கூரை மூட்டுகளின் பார்வை ஆகியவையும் உண்டு. வாலிபர் நால்வர் போதும். சப்பாத்து வழுக்காததாக இருக்கட்டும். ஏணி ஆலயக் களஞ்சியத்தில் இருக்கிறது. சாவியை அண்ணனிடம் பெற்றுக்கொள்ளவும். அக்கா இம்முறை வரமாட்டார், வைத்தியசாலையில் பரிசோதனைகள் இருக்கின்றன. அவரை உங்கள் ஜெபங்களில் பேர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள்.